தொட்டியும் பருத்திமாரும்: கரியாக்குவதா, எண்ணெயாக்குவதா, கட்டியாக்குவதா?

காங்கயம், வெள்ளகோவில் பகுதியில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர்களும் பருத்தி, நிலக்கடலை பயிரிடுவோரும் சேர்ந்து நடத்தும் எங்கள் உழவர் குழு, தன்னிடம் சேரும் பயிர்க்கழிவை என்ன செய்வது என்ற முடிவை இந்த ஆண்டு எடுத்தாக வேண்டும். களத்தில் உடைபடும் தேங்காயின் தொட்டி (கொட்டாங்குச்சி), அறுவடை முடிந்த காட்டில் நிற்கும் பருத்திமார் (காய்ந்த பருத்திச் செடித்தண்டு), உடைப்பு ஆலையில் குவியும் கடலைத்தோல், குளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் வெட்டி எடுக்கும் சீமைக்கருவேலம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு மூன்று டன் வரும் என்று கணக்கிட்டிருக்கிறோம். அழுத்திக் கட்டியாக்கிக் கொதிகலன்களுக்கு விற்கலாம் என்றார்கள் சிலர்; கரியாக்கலாம், வாயுவாக்கி மின்சாரம் எடுக்கலாம், வெப்பச் சிதைவின் வழியே எண்ணெயும் வேதிப்பொருள்களும் வடிக்கலாம் என்றார்கள் மற்றவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருந்தது. குழுவின் கூட்டத்தில் நான் வைத்த ஒப்பீட்டை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிற்கும் மற்றக் குழுக்களுக்கும் அது பயன்படக்கூடும்.

வெப்பச் சிதைவு, அதாவது பைரோலிசிஸ் என்பது, செடிப்பொருளைக் காற்றுப் படாமல் சூடாக்குவதே ஆகும். காற்று இருந்தால் அது எரிந்துவிடும். காற்று இல்லாவிட்டால் எரிய வழியின்றி உடைகிறது. செடியின் உடலில் பெரும்பகுதி செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற மூன்று பொருள்களால் ஆனது. இவற்றுள் ஹெமிசெல்லுலோஸ் ஏறத்தாழ 220 முதல் 315 டிகிரி செல்சியஸ் வரையிலும், செல்லுலோஸ் 315 முதல் 400 டிகிரி வரையிலும் சிதைந்து ஆவியாகின்றன; லிக்னின் மட்டும் 160 டிகிரியில் தொடங்கி 900 டிகிரி வரை மெல்ல மெல்ல உடைந்துகொண்டே போகிறது, கரியில் பெரும்பங்கு அதிலிருந்தே கிடைக்கிறது. தேங்காய்த் தொட்டியில் லிக்னின் மிகுதி என்பதால்தான் தொட்டிக்கரி அவ்வளவு உறுதியாக வருகிறது.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து விளையும் பொருள் மாறுகிறது. 400 டிகிரி அளவில் மணிக்கணக்கில் மெதுவாகச் சூடாக்கினால் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் கரி நிற்கும், மீதி நீர்மமாகவும் வாயுவாகவும் பிரியும். 500 டிகிரியில் ஓரிரு நொடிகளுக்குள் ஆவியாக்கி, அந்த ஆவியை உடனே குளிரவைத்தால் 60 முதல் 75 விழுக்காடு வரை நீர்மம் கிடைக்கும். 800 டிகிரி அளவுக்குக் கொண்டுபோய்ச் சிறிதளவு காற்றும் விட்டால் 85 விழுக்காடு வரை வாயுவாகிவிடும்.

இப்போது ஒரு சிறிய கணக்கு. காய்ந்த மரம் ஒரு டன்னில் ஏறத்தாழ 18,000 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதிலிருந்து 250 கிலோ கரி எடுத்தால், கிலோவுக்கு 30 மெகாஜூல் வீதம் 7,500 மெகாஜூல் நம் கையில் நிற்கும். மீதி 10,500 மெகாஜூல் எங்கே போனது? புகையாகப் போனது. பாதிக்கு மேற்பட்ட சரக்கு புகையில்தான் இருக்கிறது என்பதை உணர்ந்த பிறகு எனக்கு இந்த ஒப்பீடு முழுவதும் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது: புகையை என்ன செய்யப் போகிறோம்? வானத்தில் விடலாம், எரிக்கலாம், குளிரவைத்துப் பிடிக்கலாம், அல்லது புகையே எழாத வேறு வழியைத் தேடலாம். எண்ணெய், கரி, வாயு என்று பொருளின் பெயரை வைத்துப் பேசுவதைவிட இப்படிப் பிரித்துப் பார்ப்பது முடிவுக்கு விரைவில் கொண்டுசேர்க்கும்.

புகையை வானத்தில் விடுவது

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலத்தில் கரிமூட்டம் போடுபவர்களின் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் பரப்பி, ஈர மண்ணால் மூடி, உச்சியில் தீ வைக்கிறார்கள். முதலில் அடர்ந்த வெண்புகை வருகிறது, அது விறகின் ஈரம். பிறகு கண்ணைக் கரிக்கும் மஞ்சள் கலந்த புகை, அதில் கீலும் (தார்) காடியும் (அசெட்டிக் அமிலம்) இருக்கின்றன. கடைசியில் புகை மெலிந்து நீலமாகும்போது துளைகளை மண்ணால் அடைத்துவிடுகிறார்கள். இரவில் மூட்டம் ஒரு பக்கம் இறங்கி மண் விரிந்தால் உள்ளே காற்றுப் புகுந்து மொத்தமும் சாம்பலாகிவிடும் என்பதால், எழுந்து எழுந்து சுற்றிவந்து வெடிப்பைப் பூசுகிறார்கள். கருவி எதுவும் இல்லாமல், புகையின் நிறத்தையும் மண்ணின் சூட்டையும் கொண்டே உள்ளே நடப்பதைக் கணிக்கும் அந்த அறிவு மிகப் பெரியது. ஆனால் விளைச்சல் எடையில் 10 முதல் 20 விழுக்காடுதான். 15 விழுக்காடு என்று வைத்தால் மரத்தின் ஆற்றலில் கால் பங்கே மிஞ்சுகிறது. அதற்கு விலையாக மூட்டம் போடுபவரின் நுரையீரல் போகிறது, புகையோடு மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் காற்றில் கலக்கின்றன.

எங்கள் பகுதியில் தொட்டியைக் குழியிலோ பீப்பாயிலோ போட்டுச் சுடுகிறார்கள். இதில் கரி 30 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. ஆயிரம் முழுத் தொட்டிக்கு ஏறக்குறைய 35 கிலோ என்பது பழக்கக் கணக்கு. மூட்டத்தைவிட இது நல்ல விளைச்சல். என்றாலும் புகை அதே வானத்துக்குத்தான் போகிறது, போதாக்குறைக்குச் சூடான கரியின் மேல் நீரை ஊற்றி அணைக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அந்த நீர் பீனால் என்ற நச்சு வேதிப்பொருளையும் கீலையும் சுமந்து மண்ணுக்குள் இறங்கும். என் உறவினர் தோட்டத்துக்கு மேட்டுப்புறம் இருந்த ஒரு கரி ஆலை அப்படித்தான் சில ஆண்டுகள் நடந்தது. கிணற்று நீர் முதலில் பால் கலக்காத தேநீர் நிறத்துக்கு வந்தது; பிறகு வாளியை முகத்தருகே கொண்டுபோனாலே தார் நெடி அடித்தது; மாடுகள் தண்ணீர்த் தொட்டியருகே வந்து மூக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் போயின. ஆலை மூடிய பிறகும் அந்தக் கிணறு தெளிய நெடுநாள் ஆனது. அந்தத் தோட்டத்தில் நின்றவன் என்ற முறையில், முதலீடு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த வழியை நான் ஒப்பீட்டிலிருந்தே நீக்கிவிட்டேன்.

புகையை எரிப்பது

மூடிய உலையில் தொட்டியை ஒரு கலனுக்குள் அடைத்து, வெளியிலிருந்து சூடாக்குகிறார்கள். கிளம்பும் ஆவியும் வாயுவும் குழாய் வழியே அடியிலுள்ள எரிகலத்துக்கே திரும்பி வந்து எரிகின்றன. தொடக்கத்தில் ஒரு மணி நேரம் போல விறகு வைத்து எரிக்க வேண்டியிருக்கும். அதன் பிறகு உலை தன் புகையிலேயே தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது. நன்றாக ஓடும் உலையின் புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரியும் புகை இருக்கக் கூடாது; வெப்ப அலை மட்டும் நடுங்கித் தெரிய வேண்டும். காய்ந்த சரக்குக்கு 30 முதல் 35 விழுக்காடு வரை கரி கிடைக்கும், அதுவும் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லாமல்.

இந்த வழியில் மிச்சப்படும் வெப்பம்தான் எங்களுக்குப் பொன் போன்றது. ஒரு டன் தொட்டியில் ஏறத்தாழ 20,000 மெகாஜூல் இருந்து, 300 கிலோ கரியில் 9,000 மெகாஜூல் போனால், 11,000 மெகாஜூல் புகையில் இருக்கும். உலையின் சொந்தத் தேவையும் சுவர் வழி இழப்பும் போக மூன்றில் ஒரு பங்கு மட்டுமே நமக்குக் கிடைக்கிறது என்றும், அதையும் உலர்த்தி பாதி அளவே பயன்படுத்துகிறது என்றும் கஞ்சத்தனமாகவே வைத்தாலும், ஏறத்தாழ 800 கிலோ நீரை ஆவியாக்க அது போதும். பச்சைத் தேங்காய்ப் பருப்பின் 50 விழுக்காட்டு ஈரத்தை 6 விழுக்காட்டுக்குக் கொண்டுவர, ஒரு டன்னுக்கு 470 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். ஆக, ஒரு டன் தொட்டி சுடும்போது ஒன்றரை டன் பருப்புக்கு மேல் உலர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு களத்தில் பருப்பு பூஞ்சை பிடிக்கும் நாள்களில் இதன் அருமை களம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது: எரிந்த வாயு பருப்பின் மேல் படக் கூடாது. வெப்பமாற்றிக் குழாய்க்குள் அது ஓட, வெளியே சூடாகும் தூய காற்றே உலர்த்திக்குள் போக வேண்டும். புகைபட்ட கொப்பரையில் புற்றுநோய் விளைவிக்கும் கரிமச் சேர்மங்கள் ஏறுகின்றன, எண்ணெய்க்கும் அவை வந்துசேரும்.

விலைக் கணக்கில் கவனம் வேண்டும். 28 விழுக்காடு விளைச்சல் என்றால் ஒரு கிலோ கரிக்கு மூன்றரைக் கிலோவுக்கு மேல் தொட்டி போகிறது. அதாவது, கரியின் விலை தொட்டி விலையைப் போல 3.6 மடங்கைத் தாண்டினால்தான் சரக்கின் விலையே திரும்புகிறது. கூலி, வண்டி, உலையின் தேய்மானம் எல்லாம் அதற்கு மேல். விளைச்சலை 32 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் இந்தப் பெருக்கம் 3.1 ஆகக் குறையும். சில விழுக்காடு விளைச்சல் கூடுவதற்காக இவ்வளவு சிரமப்பட வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு நான் காட்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

வாங்குபவர் யார் என்பதும் இங்கு தெளிவாக இருக்கிறது. தொட்டிக்கரியை 900 டிகிரிக்கு மேல் நீராவியில் வதக்கி, குடிநீர் வடிகட்டிக்கும் தங்கம் பிரிப்பதற்கும் பயன்படும் கிளர்வூட்டிய கரியாக மாற்றும் ஆலைகள் கொங்கு மண்டலத்திலேயே இருக்கின்றன. அவர்கள் ஈரம், சாம்பல், எஞ்சிய ஆவிப்பொருள் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்தே விலை சொல்வார்கள். ஆனால் களத்திலேயே பார்க்க எளிய வழி உண்டு. நன்றாக வெந்த தொட்டிக்கரியை ஒடித்தால் முறிவு பளபளக்கும், சிமெண்டுத் தரையில் போட்டால் உலோகம் போலக் கணீரென்று ஒலிக்கும். மங்கலாக ஒடிந்து விரலில் பழுப்பாக ஒட்டினால் வேக்காடு போதவில்லை என்று பொருள்.

இதில் ஆபத்தும் உண்டு. கலனைத் திறக்கும் இடத்தில் கார்பன் மோனாக்சைடு தங்கியிருக்கலாம், அதற்கு மணமோ நிறமோ கிடையாது. சுட்ட கரி காற்றுப்பட்டுத் தானாகவே மீண்டும் கனலக்கூடும் என்பதால், நீர் ஊற்றாமல் மூடியபடியே ஆறவிட்டு, அதன் பின்னும் ஒரு நாள் வெளியில் பரப்பி வைத்தே மூட்டை கட்ட வேண்டும்.

புகையைப் பிடித்து எண்ணெயாக்குவது

கூட்டத்தில் இளையவர்களை மிகவும் ஈர்த்த யோசனை இது. கழிவைப் போட்டால் எண்ணெய் வரும் என்ற சொல்லில் இருக்கும் கவர்ச்சியை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது உண்மை. எண்ணெய் வரும். எப்படிப்பட்ட எண்ணெய் என்பதில்தான் முடிவு இருக்கிறது.

விரைவு வெப்பச் சிதைவில் கிடைக்கும் நீர்மம் கரும்பழுப்பாக, புகை மணத்தோடு பார்ப்பதற்கு எண்ணெய் போலவே இருந்தாலும், டீசலோடு அதற்கு எந்த உறவும் இல்லை. டீசலில் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. இதில் 35 முதல் 40 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது, 15 முதல் 30 விழுக்காடு நீர் கலந்தே இருக்கிறது, பிரிக்கவும் வராது. கிலோவுக்கு 16 முதல் 19 மெகாஜூல் ஆற்றல்தான், உலை எண்ணெயில் 40. இது நீரைவிடக் கனமானது என்பதால் லிட்டர் கணக்கில் வேறுபாடு சற்றுக் குறைகிறது. அப்படியும் உலை எண்ணெயின் பாதி ஆற்றலே தேறும். அசெட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் இருப்பதால் அதன் பிஎச் அளவு 2 முதல் 3 வரை, அதாவது ஏறக்குறைய எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. சாதாரண இரும்புத் தொட்டியை அது அரித்துவிடும். தொட்டி, குழாய், பம்பு, எரிவாய் (பர்னர்) எல்லாமே துருப்பிடிக்காத எஃகிலோ உரிய பிளாஸ்டிக்கிலோ இருக்க வேண்டும். வைத்திருக்க வைத்திருக்கத் தடித்துக்கொண்டே போகும், நெடுநாள் கிடந்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். டீசலோடு கலக்கவும் கலக்காது.

சரக்கின் நிபந்தனைகள் அதைவிடக் கடுமையானவை. ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழே, துகள் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள், சாம்பல் மிகக் குறைவாக இருந்தால்தான் ஓரிரு நொடிகளில் முழுத்துகளும் சூடேறி நல்ல விளைச்சல் கிடைக்கும். சாம்பலில் உள்ள பொட்டாசியம் ஆவியைக் குழாய்க்குள்ளேயே உடைத்து நீராகவும் வாயுவாகவும் கரியாகவும் மாற்றிவிடுகிறது. வைக்கோல், நெல் உமி, பருத்திமார் போன்ற வயல் கழிவுகளில் விளைச்சல் மரத்தூளைப் போல வராமல் இறங்குவதற்கு இதுதான் முதன்மைக் காரணம். தொட்டியை மூன்று மில்லிமீட்டராக அரைக்கும் இயந்திரத்தின் கத்தி எத்தனை நாள் நிற்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

உலகில் இந்த முறை வென்ற இடங்களைப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. நெதர்லாந்தின் ஹெங்கலோவில் 2015இல் தொடங்கிய எம்பைரோ ஆலை மணிக்கு 5 டன் மரக்கழிவை எடுத்து ஆண்டுக்கு 2 கோடி லிட்டர் எண்ணெய் எடுக்கும் அளவில் கட்டப்பட்டது. அந்த எண்ணெயை இயற்கை எரிவாயுவுக்குப் பதிலாகக் கொதிகலனில் எரிக்க ஒரு பால் ஆலை ஒப்பந்தம் செய்திருந்தது. மிச்ச வெப்பத்தில் எழும் நீராவியை வாங்க அடுத்த வளாகத்திலேயே உப்பு ஆலை இருந்தது. பின்லாந்தின் யோயன்சூவில் 2013இல் ஃபோர்ட்டம் நிறுவனம் தொடங்கிய ஆலை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மின்நிலையத்தோடு இணைத்துக் கட்டப்பட்டது. இரண்டிலும் சரக்கு தூய மரம், அளவு எங்களுடையதைப் போலப் பல மடங்கு, வாங்குபவர் முன்பே கையெழுத்திட்டவர் அல்லது ஆலைக்குச் சொந்தக்காரரே.

தோற்ற இடத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கொலம்பஸ் நகரில், கியோர் என்ற நிறுவனம் பைன் மரச் சில்லுகளை வினையூக்கியோடு சிதைத்து நேரடியாகப் பெட்ரோலும் டீசலும் எடுப்பதாகச் சொல்லி ஆலை கட்டியது. மாநில அரசு 7.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. 2013இல் முதல் டீசல் வெளிவந்தது. ஆனால் ஆலை தொடர்ந்து ஓடவில்லை, விளைச்சல் சொன்ன அளவை எட்டவில்லை, 2014இல் நிறுவனம் திவாலானது. தேர்ந்த வேதியியலாளர்களும் பெரும் பணமும் நல்ல பைன் மரமும் இருந்த இடத்தில் நடந்தது இது. நாளைக்கு மூன்று டன் கலப்புக் கழிவோடு நாங்கள் அதே பாதையில் இறங்குவது நியாயமாகாது.

வேதிப்பொருளாகப் பிரித்து விற்பது

எண்ணெயாக எரிக்க வேண்டாம், அதில் உள்ள அசெட்டிக் அமிலத்தையும் பீனாலையும் பிரித்து விற்கலாமே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, அதற்கு விடை நம் பக்கத்து மாநிலத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் பத்ராவதியில் மைசூர் அரசு நிறுவிய இரும்பாலை, 1923இல் மரக்கரியைக் கொண்டு இரும்பு உருக்கத் தொடங்கியது. அதன் கரியை மூட்டத்தில் சுடவில்லை. பெரிய வாலைக் கலன்களில் மரத்தை அடைத்துச் சூடாக்கி, புகையைக் குளிரவைத்து, மரச்சாராயம் எனப்பட்ட மெத்தனாலும் கால்சியம் அசிட்டேட்டும் கீலும் எடுத்தார்கள். நாம் இன்று புதிதென்று பேசுவதை நூறாண்டுக்கு முன்பே மலைநாட்டுக் காட்டோரத்தில் செய்திருக்கிறார்கள். அதே 1923இல் ஜெர்மனியில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் வாயுவிலிருந்து செயற்கை மெத்தனால் எடுக்கத் தொடங்கியது. பின்னர் அசெட்டிக் அமிலமும் அந்த மெத்தனாலிலிருந்தே மலிவாக வந்துவிட்டது. மர வடிப்பு உலகெங்கும் படிப்படியாக மங்கியதற்கு, மரத்தில் ஏதோ குறை இருந்தது காரணமல்ல. நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த நீர்மத்திலிருந்து ஒன்றைத் தூய்மையாகப் பிரிப்பதற்கு ஆகும் வெப்பச் செலவே காரணம். அந்தக் காரணம் இன்றும் மாறவில்லை.

பிரிக்காமலே விற்கக்கூடியவை சில உண்டு. பீனால் மிகுந்த பகுதியை ஒட்டுப்பலகைப் பசையில் பீனாலுக்குப் பதிலாக ஓரளவு சேர்க்கலாம். உணவுக்குப் புகைச்சுவை ஏற்றும் நீர்மம் வட அமெரிக்காவில் விரைவு வெப்பச் சிதைவின் நெடுநாளைய வணிகமாக இருந்துவருகிறது. மூடிய உலையில் தொடக்கத்தில் வரும் ஆவியைக் குளிரவைத்தால் கிடைக்கும் மரக்காடியைப் பயிருக்குத் தெளிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கீல் பிரியாத காடியில் பீனாலும் புற்றுநோய்ப் பொருள்களும் இருக்கும்; பல வாரம் தெளியவைத்து, நடு அடுக்கை மட்டும் எடுத்து, ஆய்வுச் சான்று இல்லாமல் யாருக்கும் கொடுப்பதில்லை என்று நிற்க முடிந்தால் மட்டுமே அதைத் தொட வேண்டும். கிணறு கெட்ட ஊர்க்காரன் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

வாயுவாக்குவது

வாயுவாக்கி மின்சாரம் எடுப்பது ஊரகத்துக்கு ஏற்றது என்பதைக் காட்டிய முன்னோடிகள் நம்மிடம் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1988இல் தும்கூரு மாவட்டத்தின் ஓசஹள்ளியில் வாயுவாக்கி வைத்து ஒரு சிற்றூருக்கே ஒளியும் நீரும் தந்தது. நம் கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2003இல் 9 கிலோவாட் வாயுவாக்கியை மர ஆலைக் கழிவில் ஓட்டிக் குடிநீர் இறைத்தது. பிறகு கழிவின் விலை ஏறியதும் அந்த ஊராட்சி காற்றாலைக்கு மாறி, 2006இல் 350 கிலோவாட் காற்றாலையை நிறுவியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், கழிவுக்கு ஒரு பயன் பிறந்த நாளிலிருந்து அது கழிவாக இருப்பதில்லை, அதற்கும் விலை வந்துவிடுகிறது என்பதே. இயந்திரத்துக்குள் போகும் வாயுவில் கீல் துளியும் இருக்கக் கூடாது என்பதால் வடிகட்டிகளைக் கழுவும் நீர் மீண்டும் அதே பீனால் சிக்கலைக் கொண்டுவரும். சூரிய மின்தகடு இவ்வளவு மலிந்த காலத்தில், ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகைச் செலவிட்டு மின்சாரம் எடுக்க எங்களுக்குக் காரணம் இல்லை.

புகையே எழாத வழி

பிரிக்கெட் கட்டுவதில், அதாவது கழிவை அழுத்திக் கட்டியாக்குவதில், வெப்பச் சிதைவே இல்லை. கடலைத்தோலையும் நறுக்கிய பருத்திமாரையும் உயர் அழுத்தத்தில் குழாய்க்குள் தள்ளும்போது உரசல் சூட்டில் லிக்னின் இளகி, பசை எதுவும் சேர்க்காமலே துகள்களை ஒட்டவைக்கிறது. கன மீட்டருக்கு 100 கிலோ அளவில் இருந்த தளர்வான கழிவு பல மடங்கு செறிந்து, லாரி வாடகை கட்டுப்படியாகும் சரக்காகிறது. வாங்குபவர்களைத் தேடவும் வேண்டியதில்லை. திருப்பூர், பெருந்துறைச் சாயப்பட்டறைகளின் கொதிகலன்கள் நாள்தோறும் விறகும் பிரிக்கெட்டும் கேட்கின்றன. சரக்கின் ஆற்றல் முழுவதும் விற்பனையாகிறது என்பதும் இதன் வலிமை. குறையென்றால், இயந்திரத்தின் தேய்மானமும் மின்செலவும், மழையில் நனைந்த ஒரு லாரி பிரிக்கெட் மறுபடியும் தூளாகிவிடும் என்பதும். கிலோவுக்கான விலை கரியோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. அதற்கேற்ப இழப்பின் ஆழமும் குறைவு.

பருத்திமாருக்கு இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. காட்டோரம் மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும் மார், இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவம் வரை ஒளிந்திருக்கும் இடமாகிறது. அறுவடை முடிந்த கையோடு பிடுங்கி நறுக்கி எடுத்துவிட்டால் அந்தத் தொல்லையும் குறையும்.

மண்ணுக்குப் போகும் கரி

கரியை எரிக்காமல் மண்ணில் இடும் உயிர்க்கரியைப் பற்றி இப்போது பலரும் பேசுகிறார்கள். முக்கால் பங்கு கார்பன் உள்ள ஒரு டன் கரி மண்ணில் நின்றால் 2.75 டன் கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது. அதற்குப் பணம் தரும் கார்பன் சந்தையும் உருவாகியிருக்கிறது. ஆனால் அந்தச் சான்றிதழ்கள் உலையின் மீத்தேன் கசிவையும், கரி எவ்வளவு நிலைத்து நிற்கும் என்பதைக் காட்டும், ஹைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் உள்ள அணு விகிதம் 0.7க்குக் கீழே இருப்பதையும் சோதிக்கின்றன. புகையை வானில் விடும் முறைகளுக்கு அங்கே இடம் இல்லை. மண்ணின் பக்கமிருந்து பார்த்தால், கரி பெரும்பாலும் காரத்தன்மை உடையது. நீலகிரியின் அமில மண்ணுக்கு அது மருந்தாகலாம். சுண்ணாம்பு மிகுந்த எங்கள் மண்ணில் அளவறியாமல் கொட்டினால் துத்தநாகமும் மணிச்சத்தும் பயிருக்கு எட்டாமல் போகும். வெறும் கரி முதல் பருவத்தில் தழைச்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், மாட்டுத்தொழுவத்தில் பரப்பிக் கோமியத்தில் ஊறவைத்தோ தொழுவுரத்தோடு மக்கவைத்தோதான் இட வேண்டும். விற்பனைச் சரக்காக அல்லாமல், சலித்தபின் மிஞ்சும் கரித்தூளை எங்கள் காடுகளிலேயே சிறு பாத்திகளில் இட்டுப் பார்ப்பதற்காக இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

நான் பரிந்துரைத்தது

எல்லாக் கழிவையும் ஒரே உலையில் போடும் எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். தொட்டிக்கரியில் பருத்திமார்க் கரி கலந்தால் சாம்பல் ஏறும், கிளர்வூட்டிய கரி ஆலை மொத்த லாரியையும் திருப்பி அனுப்பிவிடும். தொட்டியை மூடிய உலைக்கும், கடலைத்தோலையும் பருத்திமாரையும் பிரிக்கெட்டுக்கும் பிரித்துவிடலாம். சீமைக்கருவேலம் தொட்டி குறையும் மாதங்களில் உலையைச் சும்மா விடாமல் ஓட்ட உதவும், அந்தக் கரியைத் தனி மூட்டையில் கட்ட வேண்டும். ஆனால் அதை நம்பி உலையின் அளவைக் கூட்டக் கூடாது, கூட்டினால் ஒழிக்க வேண்டிய மரத்தை வளர்க்க ஆசை வந்துவிடும். வைக்கோல் இந்தக் கணக்கிலேயே வராது, அது மாட்டின் சோறு. எண்ணெய் வழியை இப்போதைக்கு விலக்கி வைக்கலாம். அருகில் ஒரு பெரிய கொதிகலன்காரர் துருப்பிடிக்காத எரிவாயும் எண்ணெய்த் தொட்டியும் தன் செலவில் வைத்து, பல ஆண்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் தந்தால் மீண்டும் பேசலாம்.

இரண்டு உலைகளை மாற்றி மாற்றி ஓட்டும்படி வாங்க வேண்டும்; ஒன்று ஆறும்போது மற்றொன்று சுடும், உலர்த்திக்கு வெப்பம் அறுபடாது. உலை விற்பவரிடம் விலைப்பட்டியல் கேட்பதற்கு முன், ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய உலை ஒன்றின் புகைபோக்கி அடியில், தீ வைத்த நேரம் முதல் மூடும் நேரம் வரை ஒரு முழுச் சுற்று நின்று பார்க்கக் குழுவிலிருந்து மூவர் போக வேண்டும். நம் தொட்டியையே பத்து மூட்டை கொண்டுபோய், அதே உலையில் சுட்டு, எடை போட்டு, அந்தக் கரியை வாங்கப்போகும் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்து எழுத்தில் விலை வாங்கிவர வேண்டும்.

உலை நிற்கப்போகும் நிலத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் ஏழு கிணறுகளும் நான்கு ஆழ்துளைக் குழாய்களும் இருக்கின்றன. அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே அந்தப் பதினொன்றிலும் நீர் எடுத்து, பீனால் உள்ளிட்ட சோதனை செய்து, அறிக்கையின் நகலை ஒவ்வொரு கிணற்றுக்காரர் கையிலும் கொடுத்துவிட வேண்டும் என்றும், ஆண்டுக்கு இருமுறை அதே கிணறுகளில் குழுவின் செலவிலேயே அதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்றும் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.